பி சைடுல கடைசிப் பாட்டு

அதை மட்டும் தொடாதீங்க மேடம். சமயபுரத்தா படத்தை வேணா நிமித்தி வச்சுக்குங்க, பக்கத்துல இருக்கிறதைத் தொடாதீங்க. லேமினேஷன் விட்டுப் போச்சு. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிங்க. ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா. ஆஃப் ஆயிருச்சா? பரவால்ல. ஆஃப் பண்ணாம யாரும் வண்டி கத்துக்கிட்டதில்ல. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க.

அது என்ன படம்னு எல்லாரும்தான் கேப்பாங்க. ஒருத்தர் ஏதோ வெளிநாட்டுச் சாமின்னு நெனச்சுக் கும்பிட்டே போட்டாரு. மலை ரோடு, மழை, ஒத்தை லாரி லைட்டைப் போட்டுக்கிட்டு இறங்குது பாருங்க, அது ஒரு ஆல்பத்தோட அட்டை. 'டவுன்ஹில் வெதர்'னு பேரு. பிளாக்வெல் ஃபெர்ரின்னு லண்டன்ல ஒரு ராக் கோஷ்டி, நாலு பேரு. ஒரிஜினல் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கேன். இந்த உலகத்துல அதுக்கு மேல ஒரு பாட்டு கிடையாது. நான் சொல்றேன்ல, கிடையாது.

இங்கிலீஷ் புரியுமான்னு கேட்டுராதீங்க. புரியாது. வண்டி மலையிலேர்ந்து இறங்குறது மட்டும் புரியும். டிரைவருக்கு அது போதாதா?

நீங்க பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, நாலு விஷயம் தெரிஞ்சவங்க, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இந்த ஆல்பத்தாலதான் எம் பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ஆமா, பூங்கோதை கல்யாணந்தான். போன தை மாசம். ரைட்ல கொஞ்சம் வாங்க, ஆட்டோக்காரன் அப்படித்தான் ஒட்டிக்கிட்டு வருவான். அவன் நம்மளை இடிக்க மாட்டான், பயமுறுத்துவான், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊரு தஞ்சாவூர்ப் பக்கம். கலியபெருமாள்ங்கிற பேரை வச்சே கண்டுபிடிச்சிருப்பீங்க. எங்க சனத்துல பாதிப் பேரு மேளக்காரங்க. எங்கப்பா நாயனம். தொட்டில்ல கெடந்தப்பவே தவில் சத்தம் கேட்டு வளந்தவன் நான். எது தவிலு, எது தகர டப்பான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன். ஆனா கை வண்டிப் பக்கம் போயிருச்சு. திருச்சிக்கு வந்து வேன் ஓட்டினேன், பொன்மலையில ஒரு லைன் வீட்டுல குடியிருந்தேன்.

அடுத்த வீட்டுல டென்னிஸ்னு ஒரு ஆங்கிலோ இந்தியர், ரயில் டிரைவர். நானும் டிரைவர், அவரும் டிரைவர், அதனால ஒரு மரியாதை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா ரெக்கார்டு போட்டுட்டு ஒரு கிளாஸோட உக்காந்துருவாரு. ஒரு நாள் கிளட்ச் பிளேட்டைக் கருக்கிட்டேன்னு வேன் ஓனர் என்னை நடுரோட்டுல வச்சு ஏசினாரு. மனசு விட்டுப்போயி வீட்டுல வந்து படுத்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்த ஆல்பம் ஓடுது. மூணாவது பாட்டு. அதுல டிரம்ஸ் அடிக்கிறவன் பேரு டெரிக். அவன் ஃபர்ஸ்ட் கியர்ல ஏறிக்கிட்டே வந்து செகண்டுக்கு மாத்துறான் மேடம். ஒரு உதறல் இல்ல, ஒரு இழுவை இல்ல. இவனுக்குக் கிளட்ச்சுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்குடான்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. சொல்றதுக்கென்ன வெக்கம், அழுதேன்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா டென்னிஸ் வீட்டு வாசல்லதான் கெடப்பேன். ஒரே குறை, அவரு ஏ சைடு முடியறதுக்குள்ள கிளாஸை முடிச்சுட்டுத் தூங்கிருவாரு. ரெக்கார்டைத் திருப்பிப் போட ஆளிருக்காது. அதனால பி சைடு நான் கேட்டதே இல்ல.

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான் பாருங்க. கூட்ஸ் வருதுன்னு நெனக்கிறேன், நேரமாகும். நியூட்ரல் பண்ணுங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, இன்ஜினை அணைச்சுருங்க. நிதானமாச் சொல்றேன்.

ஆவணியில எனக்குக் கல்யாணம். பொண்ணு திருவையாத்துப் பக்கம், பேரு மங்கையர்க்கரசி. மாமனார் வீட்டுலேர்ந்து ஒரு டூ இன் ஒன் வந்துச்சு. ரேடியோவும் டேப்பும் ஒண்ணா இருக்குமே, அது. ரேடியோவுல பாடுறதை அப்படியே கேசட்டுல பதிஞ்சுக்கலாம். அந்தச் சமயத்துல டென்னிஸ் குடும்பத்தோட ஆஸ்திரேலியா கிளம்பினாரு. கிளம்பறதுக்கு முன்னால ஒரு நாள் மட்டும் ரெக்கார்டைக் குடுங்கன்னு கெஞ்சி வாங்கிட்டு, தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில குடுத்துக் கேசட்டுல ஏத்திக்கிட்டேன். ஏத்தி முடிச்சதும் கடைக்காரன் ஸ்குரூ டிரைவரை எடுக்கிறான். எதுக்குன்னேன். கேசட்டுக்குப் பின்னால ரெண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும் மேடம், அதை உடைச்சுட்டா அப்புறம் அது மேல வேற எதையும் பதிய முடியாது. நான் உடைக்க விடலை. புதுக் கேசட்டை ஊனம் பண்ணுவாங்களா யாராவது? மூளியில்லாம அப்படியே குடுய்யான்னு வாங்கிட்டு வந்தேன். நான் பொருளைப் பாத்துக்கிற விதம் அப்படி.

அந்த வருஷம் தலை தீபாவளி ஐப்பசிக் கடைசியில வந்துச்சு. மாமனார் வீட்டுக்குப் போறப்ப கேசட்டையும் டூ இன் ஒன்னையும் தூக்கிட்டுப் போனேன். அங்க என் மச்சினன், இவளோட தம்பி சிங்காரவேலு, இருபது வயசுப் பய. தவில் கத்துக்கிட்டு அப்பத்தான் கோயில் கோயிலா வாசிக்க ஆரம்பிச்சிருந்தான். எண்ணெய் தேச்சுக் குளிச்சு, பலகாரம் எல்லாம் சாப்பிட்டு, எல்லாரையும் உக்கார வச்சு ஏ சைடைப் போட்டேன். மூணாவது பாட்டு வருது. இந்தப் பய வாயில அதிரசத்தை வச்சுக்கிட்டு, 'என்ன அத்தான், யாரோ பரண்லேர்ந்து பாத்திரத்தைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கு'ன்னான். வீடே சிரிச்சுச்சு. மாமியார் உள்பட.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை மேடம்.

நான் என்ன பண்ணுவேன்? 'நீ தட்டுறதுக்குப் பேரு தவிலாடா, தகர டப்பா. டெரிக் கால் தூசிக்குப் பெறுவியா நீ? இனிமே உன் தவில் சத்தம் கேக்குற எடத்துல நான் நிக்க மாட்டேன்'னு சொல்லிட்டு, புது வேட்டியோட பஸ் ஏறிட்டேன். இவ மூட்டையைத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே பின்னால வந்தா. அதோட சரி. அவன் எங்க வீட்டு வாசப்படி ஏறலை, நான் அவன் வீட்டுக்குப் போகலை. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, முப்பது வருஷத்துக்கு மேல. ஊர்ல கேப்பாங்க, சொத்துத் தகராறான்னு. சொத்து என்ன பெரிய சொத்து. ஆல்பத்தைச் சொல்லிட்டான்.

திரும்பி வந்த கையோட கார்த்திகை பொறந்துருச்சு. சபரிமலை சீசன். வேன் டிரைவருக்கு அதுதான் அறுவடை. சாமிங்களை ஏத்திக்கிட்டுப் போறவனும் சாமியா இருந்தா அவங்களுக்கு ஒரு திருப்தி, அதனால நானும் மாலை போட்டேன். இங்கிலீஷ் பாட்டு கேக்கக் கூடாதுன்னு எந்தக் குருசாமியும் சொல்லலை. நானா வச்சுக்கிட்டேன். பிடிச்சதை விடுறதுதானே விரதம்? பி சைடைத் திருப்பிக்கூடப் பாக்காம கேசட்டை டப்பாவுல போட்டு, டூ இன் ஒன் மேல வச்சுட்டுக் கிளம்பினேன். மகர ஜோதி வரைக்கும் வீட்டுக்கு வந்தாக் குளியல், சாப்பாடு, அடுத்த டிரிப்பு.

அந்த நேரம் பாத்து என் மச்சினனுக்குத் திருச்சி ரேடியோவுல வாசிக்கக் கூப்பிட்டாங்க. யாரோ ஒரு நாயனக்காரருக்குப் பக்கத்துல. கடைசியில அவனுக்குத் தனியா வாசிக்கக் கொஞ்ச நேரம் விடுவாங்களாம். 'தம்பி முதமுதலா ரேடியோவுல வாசிக்கிறான், பதிஞ்சு வச்சுக்கணும், ஒரு காலிக் கேசட்டு வாங்கியாங்க'ன்னு இவ என் பின்னாலயே வந்தா. அந்தப் பயலுக்காக நான் கடை ஏறி இறங்கணுமா? மறந்த மாதிரி இருந்துட்டேன். அடுத்த டிரிப்பு முடிச்சு வந்தப்ப, 'என்ன, உன் தம்பி கச்சேரியைப் பதிஞ்சாச்சா'ன்னு கேலியாக் கேட்டேன். தலையைத் தூக்காம, 'வீட்டுல காலிக் கேசட்டு ஏது'ன்னா. கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆம்பள ஒரு வார்த்தை சொல்லிட்டா நிக்கணும்ல.

தை பொறந்துச்சு, மாலையைக் கழட்டினேன். சாப்பாடுகூட வேணாம்னு கேசட்டைக் கையில எடுத்தேன். இவ அடுக்களை வாசல்ல கரண்டியோட நிக்கிறா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. 'முதல்ல சாப்பிட்டுருங்களேன், சாப்பிட்டுட்டுக் கேக்கலாமே'ங்கிறா. புருஷன் பசியோட இருக்கக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறை. இரு இருன்னு பி சைடைப் போட்டேன்.

இப்பப் போடுறேன் பாருங்க, கடைசிப் பாட்டு மட்டும். கேசட்டு நைஞ்சு போச்சுன்னு பூங்கோதை இதைப் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்திருக்கா. கேளுங்க. கிடார் எப்படி அழுவுது பாருங்க. மலை உச்சியில வண்டி நிக்குது, பிரேக் பிடிக்கலை. பாடுறவன் கத்துறான், இன்னும் கத்துறான், இதோ வருது, கவனிங்க.

'டொக்'.

கேட்டீங்களா அந்த டொக்? டெரிக் கையில இருந்த குச்சியைக் கீழ போட்டுட்டான் மேடம். போட்டுட்டு என்ன எடுத்தான்? தவிலை எடுத்தான். கேளுங்க, கேளுங்க. தவில் மேடம். லண்டன்காரன். எங்க ஊருத் தவிலை. மூணு தட்டுத் தட்டி ஒரு இடம் சும்மா விடுறான் பாருங்க, அந்தச் சும்மா விடுறதுலதான் எல்லாம் இருக்கு, அப்புறம் கொட்டுறான். அன்னிக்கு நான் நடு வீட்டுல எந்திரிச்சு நின்னுட்டேன். எங்க அப்பாவுக்கு வாசிச்ச பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் கேட்டவன் நான். இப்படி ஒரு கை கேட்டதில்ல. 'மங்கை, இதுக்குப் பேருடி தவிலு, உன் தம்பியைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுடி'ன்னு சத்தம் போட்டேன். அவ கரண்டியை அப்படியே கீழ விட்டுட்டா. முதல்ல முழிச்சா. அப்புறம், 'அவ்வளவு நல்லாவா இருக்கு'ன்னு கேட்டா. நல்லாவாவான்னேன். 'இவன் தெய்வம்டி'ன்னேன். அவ்வளவுதான், உக்காந்து ஓன்னு அழுறா. ராக் மியூசிக்கோட பவர் அது. முதல் தடவை கேக்குறப்ப அப்படித்தான் ஆகும்.

இன்னும் முடியலை. கடைசியில பாருங்க. தவில் முடியுது, ஒரு விநாடி ஒண்ணுமில்ல, இதோ.

'இதுவரை'.

ஒரே வார்த்தை. ஒரு பொம்பளைக் குரல், சுத்தமான தமிழ். அதோட டேப்பு முடிஞ்சுபோச்சு. இத்தனை வருஷமா இந்த ஒரு வார்த்தையை யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இதுவரை. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமே என்ன இருக்கோ தெரியாதுன்னு சொல்றா. எவ்வளவு பெரிய தத்துவம். பூங்கோதை சின்னப் புள்ளையா இருக்கறப்ப, 'அப்பா இது ரேடியோக்கார அம்மா குரலுப்பா'ன்னா. ரேடியோக்கார அம்மாவுக்கு லண்டன்ல என்ன வேலைன்னு கேட்டேன். இவ அவளை உள்ள கூட்டிட்டுப் போயி ஏதோ சொன்னா, அதோட அந்தப் பேச்சை விட்டுட்டா புள்ள.

என்ன மேடம், முந்தானையை வாயில வச்சுக்கிட்டீங்க? தும்மலா? டீசல் புகை, கண்ணாடியை ஏத்திக்குங்க.

சும்மா சொல்லக் கூடாது, அன்னையிலேர்ந்து இவ என்னைவிடப் பெரிய ரசிகை ஆயிட்டா. ஏ சைடுல அவளுக்கு இஷ்டமில்ல. பி சைடுல கடைசிப் பாட்டு மட்டும். வெங்காயம் நறுக்கிக்கிட்டே, 'அதைப் போடுங்களேன்'ம்பா. அந்த டொக் வர்றப்ப நறுக்குறதை நிறுத்திருவா. ஒரு தடவை டேப்பு சிக்கி அறுந்து போச்சு. நான் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன், அவதான் ஒட்டினா, ஒரு சாயங்காலம் பூரா உக்காந்து, புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரி. அவ அம்மா செத்தப்பக்கூட, காரியம் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அதைத்தான் போடச் சொன்னா. எத்தனை ஆம்பளைக்குக் குடுத்து வச்சிருக்கு, தான் ரசிக்கிறதைத் தானே கேட்டு ரசிக்கிற பொண்டாட்டி?

கூட்ஸ்தான் போகுது. முடியட்டும்.

இப்ப கல்யாணத்துக்கு வர்றேன். பூங்கோதை பெங்களூர்ல வேலை பாக்கிறா. அங்கயே ஒரு பையனைப் பிடிச்சுப்போச்சு, நிவேதன்னு பேரு, கும்பகோணத்துக்காரங்க. நல்ல குடும்பம், எனக்கும் சம்மதம். நாள் குறிச்சாச்சு. அப்பத்தான் இவ ஆரம்பிச்சா. 'தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டி மாலை போடாம எம் பொண்ணு மணையில உக்கார மாட்டா. என் தம்பியைக் கூப்பிடுங்க'ன்னா. அதெல்லாம் நடக்காதுன்னேன். 'அப்ப நானும் மணவறைக்கு வரலை. சமையக்கட்டுலயே இருந்துக்கிறேன், நீங்களே தாரை வார்த்துக்குங்க'ன்னா. இருந்துக்கோன்னேன். வாய் வந்துருச்சு. அவ சண்டை போடலை மேடம், போட்டிருந்தா எனக்குத் தாங்கியிருக்கும். பேச்சை நிறுத்திட்டா. சோறு வைப்பா, போயிருவா. 'அந்தப் பாட்டைப் போடுங்க'ன்னு கேக்குறதையும் நிறுத்திட்டா. நானா ஒரு நாள் போட்டேன், டொக் வர்றதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வெளிய போயிட்டா. அப்பத்தான் விஷயம் பெருசுன்னு எனக்கு உறைச்சுச்சு. ஆனா கூப்பிட முடியலை. அவன் ஆல்பத்தைச் சொன்னவன். அவனைக் கூப்பிட்டு, வாடா வந்து மாலை போடுடான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? பூங்கோதை போன்ல அழுதா. 'உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா'ன்னா.

நிலைமை இப்படி இருக்கறப்ப மாப்பிள்ளைப் பையன் வந்தான். நான் ரசிகன்னு பூங்கோதை சொல்லியிருக்கா போல, வெளிநாட்டுலேர்ந்து 'டவுன்ஹில் வெதர்' ஒரிஜினல் ரெக்கார்டு வரவழைச்சு, அதைப் போடுற மெஷினையும் தூக்கிட்டு வந்துட்டான். டென்னிஸ் வீட்டுல பாத்த அதே அட்டை. நேரா பி சைடைப் போடச் சொன்னேன். கடைசிப் பாட்டு. கிடார் அழுவுது, பாடுறவன் கத்துறான், நான் மாப்பிள்ளை தொடையில தட்டி, இப்ப வரும், இப்ப வரும்ங்கிறேன்.

வரலை.

டொக்கும் இல்ல, தவிலும் இல்ல. அந்தக் கத்தல் பாட்டுக்கு ஓடுது, அப்புறம் கடல் அலை மாதிரி ஒரு இரைச்சல், அப்படியே தேஞ்சு போயி முடிஞ்சுருச்சு. ஒரு இதுவரைகூட இல்ல. மாப்பிள்ளை, 'என்ன மாமா வரணும்'னு கேக்குறான். என் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். தவில் வந்ததும் அந்தப் பையன் வாயைப் பொத்திக்கிட்டு, 'மாமா, இது இந்தப் பாட்டுல கிடையாது மாமா, யாரோ இது மேல பதிஞ்சிருக்காங்க'ன்னான்.

எனக்கு எப்படி இருக்கும்? எங்க வீட்டுல உக்காந்து, எங்க வீட்டுப் பணியாரத்தைத் தின்னுட்டு. 'தம்பி, நீங்க ஏமாந்துட்டீங்க, எவனோ வெட்டிக் கொத்தின டூப்ளிகேட்டை உங்க தலையில கட்டிட்டான்'னு நயமாத்தான் சொன்னேன். அவன் மறுபடி ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். இவ உள்ளேர்ந்து, 'மாப்பிள்ளை, இங்க கொஞ்சம் வாங்களேன், பரண்லேர்ந்து ஒரு டப்பா எடுக்கணும்'னு கூப்பிட்டா. என்ன டப்பாவோ, அரை மணி நேரம். குசுகுசுன்னு பேச்சு. வெளிய வந்தப்ப பையன் மூஞ்சியே வேற மாதிரி ஆயிருச்சு. கண்ணெல்லாம் செவந்திருக்கு. நேரா எங்கிட்ட வந்து, 'நீங்க சொல்றதுதான் சரி மாமா. உங்ககிட்ட இருக்கிறது மாதிரி உலகத்துல வேற ஒண்ணு இல்ல'ன்னான். தப்பை ஒத்துக்கிற குணம் எத்தனை பேருக்கு வரும்? அந்த நிமிஷம் எனக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு. போறப்ப, 'மேளம் எங்க பொறுப்பு மாமா, திருவையாத்துப் பக்கம் ஒரு நல்ல செட்டு இருக்காம், நான் பேசிக்கிறேன்'னான். பாத்துச் செய்யிங்கன்னேன்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில நான் பந்தியில நிக்கிறேன். இவ சொன்னபடியே மணவறைப் பக்கம் வரலை, சமையக்கட்டு வாசல்ல முக்காலி போட்டு உக்காந்திருக்கா, பட்டுப்புடவையோட. பொண்ணு அலங்காரம் முடிஞ்சு அழுற மாதிரி நிக்கிறா. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. மண்டபத்துல நாயனம் நின்னு, தவில்காரர் தனியா வாசிக்க ஆரம்பிச்சாரு. நான் வடைக்கு உப்புப் பத்தலைன்னு சமையக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். காதுல விழுது. மூணு தட்டு. ஒரு இடம் சும்மா. அப்புறம் கொட்டுது.

கையில இருந்த வடையோட ஓடினேன். பந்தி, வாசல், சொந்தக்காரங்க எல்லாத்தையும் இடிச்சுக்கிட்டு ஓடினேன். மேடையில பாத்தா, தலை நரைச்சு, தொப்பை வச்சு, என் மச்சினன். சிங்காரவேலு. டெரிக் வாசிச்ச அதே வாசிப்பு. ஒரு விரல் மாறலை. முப்பது வருஷம் கேட்ட காது மேடம், எனக்கா தெரியாது?

எனக்கு எல்லாம் அப்பவே விளங்கிருச்சு. பய என் ஆல்பத்தைக் கேட்டிருக்கான். அன்னிக்கு வீம்புக்குப் பாத்திரம்னு சொல்லிட்டு, அப்புறம் யாருக்கும் தெரியாம எப்படியோ வாங்கி, உக்காந்து கேட்டு, டெரிக்கை வரி வரியாக் கத்துக்கிட்டிருக்கான். என்னை எதிரியா வச்சுக்கிட்டு, என் தெய்வத்தைக் கும்பிட்டிருக்கான். நான் என்ன மனுஷன், இப்படி ஒரு ரசிகனை வீட்டுப் பக்கம் சேக்காம வச்சிருந்தேனேன்னு ஆயிருச்சு.

மேடையில ஏறி நின்னேன். அவன் என்னைப் பாத்ததும் கை நின்னுருச்சு. 'எங்கடா கத்துக்கிட்ட இதை'ன்னேன். அவன் என்னைப் பாக்கலை, எனக்குப் பின்னால பாக்கிறான். திரும்பினா இவ வந்து நிக்கிறா, மாப்பிள்ளை நிக்கிறான், பூங்கோதை நிக்கிறா. அப்புறம் எங்கிட்ட, 'அக்கா வீட்டுக் கேசட்டுல இருக்கிறதுதானே அத்தான்'னான்.

ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா? அத்தனை பேரு முன்னால. வடையை எங்க போட்டேன்னு தெரியலை, அவனைக் கட்டிப் பிடிச்சுட்டேன். தவிலைக் கழட்ட வச்சு, நானே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, பட்டத்தைக் கையில குடுத்து, கட்டுடா உன் மருமகளுக்குன்னேன். கட்டினான். மாலை போட்டான். இவ மணவறையில எம் பக்கத்துல வந்து நின்னு தாரை வார்த்தா. சிரிக்கிறா, அழுவுறா, ரெண்டும் ஒண்ணா. சொந்தக்காரங்க எல்லாம் நான் பெருந்தன்மையா விட்டுக் குடுத்தேன்னு பேசிக்கிட்டாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆல்பத்தோட மகிமை எல்லாருக்குமா புரியும்?

கேட்டைத் தூக்கிட்டான். ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச், ஃபர்ஸ்ட், மெதுவா. ஆங், அப்படித்தான். பாத்தீங்களா, பேசிக்கிட்டே இருந்தா பயம் போயிருது. என்ன மேடம், தோள் குலுங்குது? வண்டியா குலுங்குது? ரோட்டைப் பாருங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா மச்சினன் எங்க வீட்டுக்கு வந்துர்றான். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பி சைடு போடுவோம். நான் அவனுக்கு எல்லாம் விளக்கிச் சொல்லுவேன், இங்க டெரிக் ஏன் நிறுத்துறான், இங்க ஏன் கொட்டுறான்னு. பவ்யமாக் கேட்டுக்குவான். போன வாரம் அந்த இடம் வந்தப்ப, தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருந்தவன் கையை நிறுத்திட்டு, 'இந்த இடத்துல கொஞ்சம் அவசரம் தெரியுது அத்தான். இருபது வயசு, பாருங்க'ன்னான். எனக்கு வந்துச்சே கோபம். டெரிக்குக்கு அப்ப என்ன வயசுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியே இருபதா இருந்தாலும் குறை சொல்ல இவன் யாரு? 'டேய், நீயும் ஏதோ வாசிக்கிறே, நான் இல்லைங்கலை. ஆனா முதல்ல இவன் அளவுக்கு ஒரு நாள் வாசிச்சுக் காட்டு, அப்புறம் குறை சொல்லு'ன்னேன்.

அவன் எந்திரிச்சு வந்து என் காலைத் தொட்டான் மேடம். 'சரிங்க அத்தான், முயற்சி பண்றேன்'னான். அடுக்களையில ஏதோ பாத்திரம் விழுந்துச்சு. எட்டிப் பாத்தா இவ சுவத்துல சாஞ்சு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கா. என்னடின்னேன். 'ஒண்ணுமில்லைங்க. இன்னொரு தடவை போடுங்க'ன்னா.

போட்டேன்.